ஆலாத்திட்டின் பன்னிரண்டாவது தாள்

படகின் மூக்கு மணலில் ஏறியதும் முதலில் இறங்கியது வனக்காவலர் முத்திருளாண்டிதான். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். முழங்கால் தண்ணீரில் கைகளை ஊன்றி நின்று, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்தார்.

"மீனுக்கு மட்டும் ஊட்டுறீகளே வாச்சர் சார், எங்களுக்கு ஏதும் மிச்சம் வச்சிருக்கீகளா?" என்றார் படகுக்காரர் கஸ்பார், நங்கூரத்தைத் தூக்கியபடி.

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க. ஒரு நாளைக்கு உங்களக் கொண்டுபோயி மலை உச்சியில விடுறேன். அட்டை கடிக்கிறப்ப நான் சிரிக்கிறேன்."

ஷர்மிளா அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி தீவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், இருநூறு அடி அகலம். மரம் கிடையாது. அடப்பங்கொடி படர்ந்த ஒரு முதுகு, அதன் இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் வெள்ளை மணல், தெற்கு முனையில் ராவணன் மீசைப் புதர்கள். இதை அவள் ஆயிரக்கணக்கான படங்களில் பார்த்திருக்கிறாள். காலை வெயிலில், மழை மூட்டத்தில், ஆலாப் பறவைகள் அரிசி கொட்டியதுபோல் நெருங்கி உட்கார்ந்திருக்கையில். எல்லாம் அவள் கணவன் வில்ஃப்ரெட் எடுத்த படங்கள். அந்தப் படங்களுக்கு வெளியே நின்று இந்த மணலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. படங்களில் இருந்த இரைச்சல் இங்கே இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அடித்த அந்தப் புயல்காற்றுக்குப் பிறகு ஆலாக்கள் இந்தத் திட்டுக்குத் திரும்பவே இல்லை.

வில்ஃப்ரெட்டும் திரும்பவில்லை.

கஸ்பார் படகிலிருந்து முதலில் எடுத்தது மூங்கில் கம்பு. இரண்டு ஆள் உயரம், நுனியில் வெளுத்துப்போன சிவப்புத் துணி. அதை மேட்டில் ஆழமாகக் குத்தி நிறுத்தி, அடியில் மணலை மிதித்து இறுக்கினார்.

"எதுக்குண்ணே இது? கட்சிக் கொடியா?" என்றார் முத்திருளாண்டி, வாயைத் துடைத்துக்கொண்டு.

"எல்லைக் கடல் சார் இது. போன், வயர்லெஸ்னு ஒண்ணும் கொண்டுவர விடமாட்டாக. தீவுல தங்குறவக இந்தக் கம்பை வச்சுத்தான் பேசணும். நிமிந்து நின்னா, வேல முடிஞ்சிருச்சு, வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். படுத்துக் கெடந்தா, இன்னும் முடியல, திரும்பிப் போயிருன்னு அர்த்தம். சுத்திவரப் பாறை. சும்மா சும்மா கரை ஏற முடியுமா? ரெண்டு மைலுக்கு அங்கிட்டு நின்னே பாத்துட்டுத் திரும்பிருவோம்."

"ரெண்டு மைல்ல இருந்து இந்தக் குச்சி தெரியுமா?"

"குச்சி நிக்கிதா படுத்திருக்கான்னு தெரியலன்னா, நான் கடலுக்கே வந்திருக்கக் கூடாது."

"அதான் படகோட நாம மூணு பேரும் இங்ஙனயே இருக்கமே. இப்ப யாருக்குக் காட்டுறீங்க?"

"படகு கரையில நிக்கிறப்ப கம்பும் நிக்கணும். போறப்பப் படுக்க வச்சுட்டுப் போகணும். பழக்கம் சார்."

ஷர்மிளா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கருவிப் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

*

அடுத்த மாதம் இந்தத் தீவு இருக்காது. பெரிய கப்பல்களுக்கு வழி வெட்ட மணல் அள்ளும் இயந்திரங்கள் வருகின்றன. அதற்கு முன் பதிவு நடக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் இடத்தில் என்ன நிலம் இருந்தது, என்ன உயிர்கள் இருந்தன என்பதை ஷர்மிளாவின் மணல்கேமரா பன்னிரண்டு தாள்களில் எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்த இடம் "காப்பாற்றப்பட்டது" என்று ஒரு சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்த இடத்தை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நான்கு ஏரிகளும் ஒரு கழிமுகமும் அப்படிக் காப்பாற்றப்பட்டிருந்தன.

"நீங்க படம் எடுத்த எடம் எதுவும் மிஞ்சாதாமே மேடம்" என்று முத்திருளாண்டி முதல் நாளே கேட்டுவிட்டார். குத்திக் காட்டும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஆமாம்" என்றாள் ஷர்மிளா. வேறு என்ன சொல்ல முடியும்? அந்தக் கருவியை அவள் இதற்காகச் செய்யவில்லை. ஆனால் எதற்காகச் செய்தாள் என்று அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

மேட்டின் முதுகில் கறுப்புக் கூடாரத்தை அடித்தார்கள். இரட்டைத் துணி, ஊசி நுழையும் வெளிச்சம்கூட உள்ளே வரக்கூடாது. வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. புழுக்கத்தில் முத்திருளாண்டியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஷர்மிளா முழங்காலிட்டுக் கரண்டியால் மணலை விரல்கடை விரல்கடையாக எடுத்தாள். முழங்கை ஆழத்தில் கரிக்கோடு போல ஒரு கறுப்பு மணல் படலம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய காற்று கொண்டுவந்து போட்ட கனத்த மணல் அது.

"இதுக்குக் கீழே இருக்கறதுதான் அந்த நாளோட தரை" என்றாள்.

"அதுல எப்படி மேடம் படம் இருக்கும்?"

"மணல் வெயிலைத் தின்னும். தின்னதை உள்ளே வச்சுக்கும். வெயில் பட்ட துகளும் நிழல்ல இருந்த துகளும் ஒண்ணா இருக்காது. திடீர்னு மேல மண்ணு விழுந்து மூடிடுச்சுன்னா, கடைசி நாள் வெயில் அப்படியே உள்ளே நின்னுடும். நான் பண்றது இவ்வளவுதான். மேல்தோலை உரிச்சு எடுத்து நீல வெளிச்சம் காட்டுவேன். வச்சிருந்ததை அது திருப்பிக் குடுக்கும்."

"அப்ப எம் மூஞ்சி தெரியுமா?"

"முகமெல்லாம் தெரியாது. நிழல்தான். ரொம்ப நேரம் அசையாம இருந்தது நல்லாத் தெரியும். ஓடினதும் பறந்ததும் தெரியவே தெரியாது."

"நான் டூட்டியில அசையவே மாட்டேன் மேடம். நல்லாத் தெரிவேன்."

அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பசைத்தாளை மணல்மேல் விரித்து உள்ளங்கையால் தடவினாள். பாய் அகலத்தில், கூடார நீளத்துக்கு விரியும் தாள். மெதுவாக உரித்துப் பெட்டிக்குள் செருகினாள். பெட்டிக்குள் நீல வெளிச்சம் ஒரு நொடி மின்னி அணைந்தது. திரையில் புகை படிந்ததுபோல் ஏதோ கலங்கி, பிறகு தெளிந்தது.

முத்திருளாண்டி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

ஆலாக்கள். ஒன்று, இரண்டு, ஏழு. ஒவ்வொன்றும் முட்டையின்மேல் உட்கார்ந்த இடம் கறுப்புத் திட்டாக, வாலும் அலகும் மெலிந்து நீண்டு. எல்லா அலகும் ஒரே பக்கம் பார்த்திருந்தன. தென்மேற்கு. கச்சான் காற்று வரப்போவது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் முட்டையை விட்டு எழவில்லை.

"இன்னொரு தடவ காட்டுங்க மேடம்."

"படத்தைக் காட்டலாம். மணல்ல இனிமே ஒண்ணும் இல்லை. ஒரு தடவை படிச்சா அழிஞ்சிடும்." அவள் தாளை உதறினாள். துகள்கள் உதிர்ந்தன. சாதாரண மணல்.

அழிந்துவிடும் என்று எத்தனையோ பேரிடம் அவள் சொல்லியிருக்கிறாள். கேட்கும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள். மானாமதுரைப் பக்கம் ஓர் அம்மா இருந்தார். மகன் விபத்தில் போன அன்று, அவன் காலையில் கட்டில் போட்டுப் படுத்திருந்த வாசலில்தான் வீடு கட்ட லாரியில் மணல் கொட்டியிருந்தார்கள். அந்தக் குவியலின் அடியில் ஷர்மிளா படித்தாள். கட்டிலின் நிழல் வந்தது, கயிற்றுப் பின்னல்கூடத் தெரிந்தது. ஓரத்தில் தொங்கிய ஒரு பாதம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இனி அங்க ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார். "இல்லைம்மா, படமா இருக்கு" என்றாள். "படம் இருக்கட்டும் தாயி. நான் தெனமும் அந்த மணல்மேட்டுல போயி உக்காந்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

*

அது மூன்று நாள் வேலை. காலையில் வருவதும் சாயங்காலம் கரைக்குத் திரும்புவதுமாக இருந்தார்கள். பதினோரு தாள்கள் முடிந்தன. ஆலாக்கள், மண்ணுக்கு மேலே அப்போதுதான் வந்து வெயிலில் நின்றுவிட்ட ஓர் ஆமைக்குஞ்சு, குழிவாசலில் கொடுக்கை மடக்கிக்கொண்டு நின்ற நண்டு, அடப்பங்கொடியின் பூக்கள். முத்திருளாண்டி ஒவ்வொன்றையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். "என்ன தெரிந்தது" என்ற கட்டத்தில் ஒரு வரி. ஆமைக்குஞ்சுக்கு மட்டும் மூன்று வரி எழுதி, கட்டத்துக்கு வெளியே போய்விட்டார்.

பன்னிரண்டாவது தாளை ஷர்மிளா எங்கே வைக்கப்போகிறாள் என்பது அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

வில்ஃப்ரெட் அந்த வருடம் கிளம்பியபோது அவளுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. கருப்பையை எடுக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை என்ற பேச்சு அதோடு முடிந்துபோகும். "செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஆலா முட்டை பொரிக்கிற வாரமும் அதுதான். வருஷத்துக்கு ஒரே தடவை" என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "போயிட்டு வா" என்றாள். அதுதான் அவளை இன்றும் அரிக்கிறது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இருந்திருப்பான். ஆனால் சொல்லாமலே அவன் இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். "வியாழக்கிழமை கஸ்பார் அண்ணன் வந்துடுவார். நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்" என்றான்.

புதன்கிழமை மதியம். மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டில். அடிவயிற்றில் தையல். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அவள் புருஷன் கஞ்சியை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தான். உதட்டோரம் வழிந்ததைத் தன் வேட்டி நுனியால் துடைத்தான். ஷர்மிளா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கஸ்பாருக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குத் தீவுக்குப் போகாதீங்கண்ணே. சனிக்கிழமை போங்க."

"தம்பி வியாழக்கெழமன்னுல்ல சொல்லிட்டுப் போச்சு தங்கச்சி."

"இருக்கட்டும். அவருக்குப் பறவைங்க இருக்கு."

"சரி தங்கச்சி" என்றார் கஸ்பார்.

வியாழன் மதியம் வரை நல்ல வெயில். மூன்று மணிக்குக் காற்று எழுந்தது. ஆறு நாள் எந்தப் படகும் கடலில் இறங்க முடியவில்லை. ஏழாம் நாள் போனபோது, தெற்கு முனைப் புதரில் சிக்கியிருந்த கேமராப் பை மட்டும் கிடைத்தது. பை மூடியிருந்தது. அவன் கிளம்பத் தயாராக இருந்தானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது; அவன் எப்போதும் பையை மூடித்தான் வைப்பான்.

அந்தப் போனைப் பற்றிக் கஸ்பார் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. போலீஸிடம், "காத்து வரும்போலத் தெரிஞ்சுச்சு, போகல" என்று மட்டும் சொன்னார். அவரும் அவளும் அதைப் பேசிக்கொண்டதும் இல்லை. ஒரே ஒரு தடவை, வில்ஃப்ரெட்டின் வருடாந்த நினைவுப் பூசைக்கு வந்தவரிடம் அவள் கேட்டாள்: "சொன்ன நாளுக்கு அவர் எத்தனை தடவைண்ணே தயாரா இருந்திருக்கார்?" அவர் விரல்விட்டு யோசித்தார். "ஏழு தடவ கொண்டுபோயி விட்டுருக்கேன். நாலு தடவ நான் போனப்ப கம்பு படுத்துத்தான் கெடந்துச்சு. இன்னும் ரெண்டு நாளு, இன்னும் ரெண்டு நாளுன்னு பறவை பின்னாடியே கெடக்கும் தம்பி."

ஏழில் நாலு. அந்தக் கணக்கின்மேல்தான் அவள் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். அன்றும் கம்பு படுத்துக் கிடந்திருந்தால், படகு போயிருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்கும். அவள் சொன்ன ஒரு சொல்லால் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றும் அவன் பறவைகளைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அவளை வேண்டாமென்று இன்னொரு தடவை ஒதுக்கியிருக்க வேண்டும். அவளுடைய வேண்டுதல் அவ்வளவுதான். இப்படி ஒரு வேண்டுதலை எந்த மனைவியும் எந்தக் கோயிலிலும் வைத்திருக்க மாட்டாள்.

நின்ற கம்பின் நிழல் நாள் முழுக்க நகரும்; மணலில் விசிறிபோல் பதியும். படுத்த கம்பு ஒற்றைக் கோடாகக் கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டு மணலில் குண்டூசி குத்தி இதை முதலில் சரிபார்த்த நாளில், உடன் வேலை செய்தவர்கள் கைதட்டினார்கள். அவள் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

தீவு வடக்கே நகர்ந்திருந்தது. பழைய இறங்குதுறை இப்போது கரையிலிருந்து நாற்பது அடி உள்ளே, ஒரு மணல்மேட்டின் கீழே இருந்தது. வில்ஃப்ரெட்டின் படங்களில் இருந்த அளவுகளை வைத்து, அங்கே கம்பு நட்டிருந்த இடத்தை அவள் குறித்தாள். கூடாரத்தை அங்கே தூக்கிவரச் சொன்னபோது கஸ்பார் நகரவில்லை.

"அந்த எடம் வேண்டாம் தங்கச்சி. அங்ஙன பறவை உக்காராது."

"எனக்குப் பறவை வேண்டாம்ணே."

அவர் தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அறுபத்திரண்டு வயது. கண்களைச் சுற்றி உப்பும் வெயிலும் கீறிய கோடுகள். "தெரிஞ்சு என்ன செய்யப் போறீக?"

"தெரியலை. தெரியாம இருந்தும் ஒண்ணும் செய்யலையே."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே. அடுத்த மாசம் எல்லாத்தையும் அள்ளிருவாக. அதோட போகட்டும்."

"அள்ளிட்டாங்கன்னா அப்புறம் எப்பவுமே தெரியாதுண்ணே." அவள் குரலைத் தாழ்த்தினாள். முத்திருளாண்டி தூரத்தில் நண்டு விரட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் போனைப் பத்தி நீங்க யார்கிட்டயும் சொல்லலை. இவ்வளவு வருஷமா என்னைக் காப்பாத்தி வச்சிருக்கீங்க. நான் ஒரு தடவைகூட உங்களுக்கு நன்றி சொன்னதில்லை."

கஸ்பார் திரும்பிப் போய், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த நங்கூரக் கயிற்றை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

கூடாரத்துக்குள் அவள் தனியாகப் போனாள்.

தோண்டத் தோண்ட வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரித்தது. கறுப்புப் படலம் வந்தது. அதைத் தூரிகையால் ஒதுக்கினாள். தாளை விரித்தாள், தடவினாள், உரித்தாள். பெட்டியின் பொத்தான்மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். இதுவரை இந்த மணலுக்குள் இரண்டும் இருந்தன. கம்பு நின்றும் இருந்தது, படுத்தும் இருந்தது. இந்தத் தாள் ஒன்றில்தான் அவன் அவளை நேசித்தவனாகவும் நேசிக்காதவனாகவும் ஒரே நேரத்தில் இருந்தான். மானாமதுரை அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

அழுத்தினாள்.

முதலில் ஒரு வட்டக் கறுப்பு. அதன் முன்னால் சின்னதாக இரண்டு திட்டுகள், குதிகால்கள். ஒருவன் கால்களை நீட்டாமல், முழங்காலை உயர்த்தி, நீண்ட நேரம் உட்கார்ந்திருந்த இடம். அவனுக்கு இடது பக்கம் மூன்று செவ்வகங்கள், பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக. கூடாரச் சுருட்டு. துணிப்பை. கேமராப் பை. எல்லாவற்றையும் கட்டி, தூக்குவதற்கு வாகாக அடுக்கி வைத்திருக்கிறான். வலது கை எட்டும் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு, அதன் கீழே இன்னொரு கோடு. சிப்பிகள். காத்திருக்கும் மனிதன் பொழுது போகாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியவை. அவள் அவற்றை எண்ணவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் விசிறி விரிந்தது.

மேற்கே நீளமாகத் தொடங்கி, உச்சிவேளையில் கம்பின் காலடிக்குள் சுருங்கி, மறுபடி கிழக்கே நீண்டு, மூன்று மணி நீளத்தில் கத்தரித்ததுபோல் நின்றிருந்தது. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. விடிந்ததிலிருந்து காற்று எழும்வரை கம்பு நின்றிருந்தது. சொன்ன நாளில், சொன்ன இடத்தில், அவள் வீட்டுக்கு வருவதற்குள் தானும் வந்துவிடுவதற்காக, மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் திரையில் அந்த வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணாடி சூடாக இருந்தது. அழுகை வரவில்லை. அடிவயிற்றில், ஒன்பது வருடத்துக்கு முன் தைத்த இடத்தில், யாரோ நூலை மெல்ல இழுப்பதுபோல் இருந்தது.

*

வெளியே வந்தபோது வெயில் கண்ணை அடைத்தது. கஸ்பார் கூடாரத்துக்குப் பத்தடி தள்ளி, துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. உதடு வறண்டு வெடித்திருந்தது.

"என்ன தெரிஞ்சுச்சு தங்கச்சி?"

உள்ளதைச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் அந்த மனிதரைப் பார்த்ததும், அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் படகை இறக்காமல் இருந்த ஒருவர் என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. கம்பு நின்றது என்று சொன்னால் அவரும் இனி இதைச் சுமக்க வேண்டும். ஒருத்தி சுமந்தால் போதாதா?

"படுத்துத்தான் கிடந்துச்சுண்ணே" என்றாள்.

கஸ்பார் அவள் முகத்தையே பார்த்தார். அலை இரண்டு தடவை வந்து போனது.

"ஆமா தங்கச்சி" என்றார். "படுத்துத்தான் கெடந்துச்சு. நானும் பாத்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"நீங்க போகாதீகன்னு சொன்னாலும் மனசு கேக்கல. வியாழக்கெழம ஒத்தையில படக எடுத்துக்கிட்டு வந்தேன். பத்து மணி இருக்கும். ரெண்டு மைலு வரைக்கும் வந்துட்டேன். தெக்க கறுத்துக்கிட்டு வந்துச்சு. கம்பு... படுத்துக் கெடந்துச்சு. அதான் திரும்பிட்டேன்." பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னார். கண்கள் அவள் காலடி மணலில் இருந்தன. "நீங்க ஒண்ணும் பண்ணல தங்கச்சி. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

விசிறியில் பத்து மணிக்கு இடைவெளி இல்லை. அப்போதும் கம்பு நின்றுகொண்டுதான் இருந்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு மைல் தூரத்தில் ஒரு படகு. அதில் நின்று, கையால் வெயிலை மறைத்துப் பார்க்கும் ஒரு மனிதர். இங்கே சிப்பிகளை அடுக்கிவிட்டு எழுந்து நின்று கையாட்டியிருக்கக்கூடிய ஒருவன். அவர் தெற்கே திரண்ட கறுப்பைப் பார்த்திருப்பார், பாறைகளைப் பார்த்திருப்பார், கரையிலிருக்கும் தன் பிள்ளைகளை நினைத்திருப்பார். திரும்பலாமா என்று மனம் ஊசலாடிய அந்த நொடியில், அவர் கையில் ஒரு சாக்கு தயாராக இருந்திருக்கும். தங்கச்சிதான் போக வேண்டாமென்று சொன்னதே. அதைக் கொடுத்தவள் அவள்தான்.

ஒன்பது வருடமாக அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவளை மட்டுமில்லை.

அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதும், பொய்யாகத்தான் அதைச் சொல்ல முடிந்தது என்பதும் அவளுக்குப் புரிந்தன. அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்கிறார். அவளை விடுவிப்பதற்காக, இத்தனை காலம் மறைத்த இரண்டு மைலைத் தானாகவே எடுத்து அவள்முன் வைத்துவிட்டார். கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் அவள் செய்யவில்லை.

"சரிண்ணே" என்றாள்.

முத்திருளாண்டி படிவத்தோடு வந்தார். "பன்னெண்டாவது தாள்ல என்ன மேடம் எழுதட்டும்?"

"வெறும் மணல்னு எழுதுங்க."

"ஒண்ணுமே இல்லையா? சும்மா ஒரு நண்டாச்சும்?"

"இல்லை."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அதோடு ஆலாத்திட்டு காப்பாற்றப்பட்டுவிட்டது. பிறகு அவள் தாளை எடுத்துக்கொண்டு போய், தோண்டிய குழிக்குள்ளேயே துகள்களை உதறி, கையால் மணலைத் தள்ளி மூடினாள்.

*

சாமான்கள் ஏறின. கஸ்பார் கடைசியாகக் கம்பை எடுக்க மேட்டுக்குப் போனார். இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பிடுங்கவும் இல்லை, விடவும் இல்லை. நுனித்துணி காற்றில் படபடத்தது. முத்திருளாண்டி "என்னண்ணே, வேர் விட்டுருச்சா?" என்று குரல் கொடுத்தார்.

ஷர்மிளா மேடேறிப் போய் அவர் கைமேல் கை வைத்தாள். கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை.

"விடுங்கண்ணே. நிக்கட்டும்."

"ஆளில்லாத கரையில கம்பு நிக்கக் கூடாது தங்கச்சி."

"நிக்கட்டும்ணே."

படகு பாறைகளைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்தது. கஸ்பார் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தார். கிளம்பியதிலிருந்து ஒருமுறைகூட அவர் தீவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முத்திருளாண்டிக்கு இன்று வயிறு புரட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தீவையே பார்த்துக்கொண்டு வந்தார். அது ஒரு வெள்ளைக் கீற்றாக மெலிந்து, கீற்றின்மேல் நகத்தால் கீறியதுபோல் ஒரே ஒரு கோடு நேர்குத்தாக நின்றது.

"அண்ணே, நீங்க சொன்னது நெசந்தான். எம்புட்டுப் பளிச்சுனு தெரியுது பாருங்க! நிக்கிதா படுத்திருக்கான்னு சந்தேகமே வராது." அவர் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார். "இப்ப எம்புட்டுத் தூரம் வந்திருப்போம்?"

இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கேள்வி காதில் விழவில்லை போலிருக்கிறது என்று அவர் மறுபடி கேட்க வாயெடுத்தபோது, கஸ்பார் திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு மைலு."

ஷர்மிளா எழுந்தாள். ஆடும் படகில் விளிம்பைப் பிடித்துப் பிடித்து நடந்து, அவர் பக்கத்தில், தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.